ஐரிஷ் மொழிக் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால்: அயர்லாந்துப் பொதுத்துறைக்குப் புதியவர்களுக்கு

அயர்லாந்துக்கு வேலைக்கு வந்த தமிழர்களில் பலர் பொதுத்துறையில் இருக்கிறோம். அரசு மருத்துவமனை, கவுண்டி கவுன்சில், பல்கலைக்கழகம் என்று இடம் மாறும். கணினி, கணக்கு, வரவேற்பு, தகவல் தொடர்பு என்று பிரிவு மாறும். ஆனால் என்றாவது ஒரு நாள், ஏதாவது ஒரு கூட்டத்தில், ஒரு வேலை நம் பக்கம் நகர்த்தப்படும்: "இது ஐரிஷிலும் போக வேண்டும். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்." சொன்னவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். நமக்கோ ஐரிஷில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது.

பயப்பட வேண்டாம். கடமை உங்கள் நிறுவனத்தினுடையது. நீங்களே ஐரிஷ் பேசியாக வேண்டும் என்பதில்லை. அந்தக் கடமை ஒழுங்காக நிறைவேற ஆள், நேரம், பணம் மூன்றையும் முன்கூட்டி ஏற்பாடு செய்வதுதான் உங்கள் வேலை. ஐரிஷ் சேவை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது. எல்லாம் ஆங்கிலத்தில் முடிந்து அச்சுக்குப் போகிற நாளில், "ஐரிஷ் எங்கே?" என்று யாரோ கேட்பார்கள். அப்போது கையில் நாளும் இருக்காது, பணமும் இருக்காது. கீழே சொல்வதெல்லாம் அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு ஐரிஷைத் தேசிய மொழி என்றும், அதனால் முதல் ஆட்சிமொழி என்றும் சொல்கிறது. ஆங்கிலம் இரண்டாம் ஆட்சிமொழி. அரசியலமைப்பின் ஐரிஷ் வடிவமும் ஆங்கில வடிவமும் எங்காவது முரண்பட்டால் ஐரிஷ் வடிவமே செல்லும்.

ஏட்டில் இவ்வளவு உயரத்தில் இருந்த மொழிக்கு அலுவலக வாசலில் நெடுங்காலம் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2001-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மது அருந்தி வண்டி ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் ஐரிஷிலேயே வாதாட விரும்பினார். தன்மீது பாய்ந்த போக்குவரத்துச் சட்டங்களின் ஐரிஷ் வடிவத்தைக் கேட்டார். அப்படி ஒன்றை அரசு வெளியிடவே இல்லை. சட்டங்களை ஐரிஷில் தருவது அரசியலமைப்பு விதித்த கடமை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2003-இல், ஆட்சிமொழிகள் சட்டம் வந்தது. உங்கள் கோப்பின் வேர் அதுதான்.

அந்தச் சட்டம் மொழி ஆணையர் என்ற சுயேச்சைப் பதவியை உருவாக்கியது. அவருடைய அலுவலகம் தலைநகர் டப்ளினில் இல்லை. கால்வே கடற்கரையில், ஐரிஷ் பேசும் ஊரான ஸ்பிடலில் இருக்கிறது. முதல் ஆணையர் ஷான் ஓ குவிரான் 2013 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் பதவி விலகலை அறிவித்தார். அன்று அவர் சொன்ன ஒரு கணக்கை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: அப்போதிருந்த வேகத்தில் போனால், கல்வித் துறையில் ஐரிஷில் வேலை செய்யத் தெரிந்த பணியாளர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக உயர 28 ஆண்டுகள் ஆகும். அடுத்த பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் ஐரிஷ் உரிமை கேட்டு, கோபத்தின் அடையாளமாகச் சிவப்பு உடுத்தி டப்ளின் வீதிகளில் நடந்தார்கள்.

2021 டிசம்பரில் நிறைவேறிய திருத்தச் சட்டம் அந்தக் கோபத்துக்குக் கிடைத்த பதில். முந்தைய சட்டத்தின்படி ஒவ்வொரு பொது அமைப்பும் அமைச்சருடன் பேசித் தனக்கென ஒரு மொழித் திட்டம் வகுத்துக்கொள்ளும். ஒருவர் நிறைய ஒப்புக்கொள்வார், இன்னொருவர் கொஞ்சம். திருத்தம் அந்த முறைக்குப் பதிலாகப் பொதுவான மொழித் தரங்களைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொல்கிறது. ஆள் சேர்ப்புக்கும் விளம்பரத்துக்கும் எண்ணிக்கையிலேயே இலக்கு வைத்திருக்கிறது.

முதல் வாரம்: இருப்பதைத் தேடி எடுங்கள்

உங்கள் நிறுவனத்துக்கு மொழித் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் ஒப்புக்கொண்டவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மொழி ஆணையரிடமிருந்து முன்பு வந்த கடிதங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துப் படியுங்கள். எங்கே ஓட்டை என்பது அவற்றிலேயே தெரிந்துவிடும். இந்தச் சட்டக் கடமைகளைக் கண்காணிக்க மூத்த நிர்வாகி ஒருவர் பொறுப்பேற்றிருக்க வேண்டும். அவர் யார் என்று கண்டுபிடித்து நேரில் போய்ப் பேசுங்கள். கையெழுத்திடும் அதிகாரம் அவரிடம் இருக்கும், உங்களிடம் இருக்காது. பின்னால் பணம் கேட்கும்போது இந்த அறிமுகம் கைகொடுக்கும்.

அடுத்தது ஆட்களின் பட்டியல். அயர்லாந்தில் பள்ளிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஐரிஷைப் பாடமாகப் படித்தவர்கள். சிலர் எல்லாப் பாடத்தையும் ஐரிஷிலேயே நடத்தும் பள்ளிகளில் படித்தவர்கள். ஆனால் "உங்களுக்கு ஐரிஷ் தெரியுமா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் இல்லை என்றுதான் சொல்வார்கள். இலக்கணப் பிழை வருமோ என்ற கூச்சம் ஒருபக்கம். ஆமாம் என்றால் எல்லா ஐரிஷ் வேலையும் தன் தலையில் விழுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேச முடியுமா, கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா, பதில் எழுத முடியுமா என்று தனித்தனியாக. ஒப்புக்கொள்பவருடைய வழக்கமான வேலையில் எவ்வளவு குறைக்கப்படும் என்பதையும் அவருடைய மேலாளரிடம் பேசி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடிதமும் மின்னஞ்சலும்

சட்டம் மிகத் தெளிவாகப் பேசும் இடம் இது. ஐரிஷில் எழுதிக் கேட்டவருக்கு ஐரிஷிலேயே எழுதிப் பதில் தர வேண்டும். சமூக ஊடகத்தில் வரும் செய்திக்கும் இதே பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நடப்பது என்ன? பொதுப் பெட்டிக்கு ஐரிஷில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. திறந்தவருக்குப் புரியவில்லை. கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்து, விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் பதில் போட்டுவிடுகிறார். "ஆங்கிலத்தில் அனுப்ப முடியுமா?" என்று கேட்பவரும் உண்டு. இரண்டுமே தவறு. தாய்மொழியில் மனுக் கொடுத்துவிட்டு வேறு மொழியில் பதில் வாங்கிய அனுபவம் உள்ள தமிழருக்கு அந்தப் பதிலைப் பிரிப்பவருடைய மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

சரியான ஏற்பாடு இப்படி இருக்கும். ஐரிஷ் அஞ்சல் வந்ததும் அடையாளம் இட்டு ஒரு குறிப்பிட்ட ஆளுக்குத் திருப்பிவிட வேண்டும். அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதும் எழுதியிருக்க வேண்டும். "உங்கள் கடிதம் கிடைத்தது, இந்தத் தேதிக்குள் பதில் வரும்" என்ற ஒப்புகையை ஐரிஷில் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வரும் பத்துப் பதினைந்து கேள்விகளுக்கான பதில்களை நல்ல மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஒருமுறை தயாரித்துவிட்டால் பாதிச் சுமை குறைந்துவிடும். ஆங்கிலக் கடிதத்துக்கு எத்தனை நாளில் பதில் போகிறதோ ஐரிஷுக்கும் அத்தனை நாள்தான். மொழிபெயர்ப்புக்குப் போய் வரும் நேரத்தை எழுதியவர் தலையில் ஏற்றக் கூடாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பொதுமக்களுக்கோ அவர்களில் ஒரு பிரிவினருக்கோ தகவலாக மொத்தமாக அனுப்பும் கடிதமும் மின்னஞ்சலும் ஐரிஷிலோ இரு மொழியிலோதான் போக வேண்டும். குப்பை எடுக்கும் நாள் மாறியது என்று வீடு வீடாகப் போகிற அறிவிப்புக்கும் இது பொருந்தும்.

பெயரும் முகவரியும்

கணினிப் பிரிவில் இருக்கும் தமிழர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். இதை உங்களால்தான் சரிசெய்ய முடியும்.

ஐரிஷில் உயிரெழுத்தின் மேல் சாய்வாக ஒரு கோடு வரும். ஃபாடா என்பார்கள். ஐந்து உயிரெழுத்துக்கும் உண்டு, ஒலியை நீட்டும். பழைய தரவுத்தளங்கள் அதைத் தின்றுவிடும், அல்லது பெயரின் நடுவில் கேள்விக்குறியும் விநோதக் குறியும் போட்டுவிடும். நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையிலும் வாக்காளர் கடிதத்திலும் அப்படியே அச்சாகும். பாமினியிலும் டிஸ்கியிலும் தட்டச்சு செய்த கோப்பை வேறு கணினியில் திறந்து எழுத்துக் குப்பையைப் பார்த்த தலைமுறை நாம். காரணத்தைச் சொல்லாமலே புரியும். 2021 திருத்தம், ஒருவருடைய பெயரையும் முகவரியையும் ஐரிஷில் உள்ளபடி சரியாகப் பயன்படுத்துவதைப் பொது அமைப்புகளின் கடமையாக்கியது.

சோதிக்கும்போது படிவத்தோடு நிறுத்தாதீர்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டிலும் ஐந்து ஃபாடா எழுத்துகளையும் உள்ளிட்டு, அந்தப் பெயர் போகிற வழியெல்லாம் பின்தொடருங்கள்: தரவுத்தளம், தேடல், அறிக்கை, உறைமேல் ஒட்டும் முகவரிச் சீட்டு, அடையாள அட்டை அச்சுப்பொறி. ஃபாடா போட்டுத் தேடினாலும் போடாமல் தேடினாலும் ஆள் கிடைக்க வேண்டும். ஓ, நீ, மக், நிக் போன்ற முன்னொட்டுகள் குடும்பப் பெயரின் பகுதி. இடைவெளி இருப்பதால் நடுப்பெயர் என்று எண்ணி மென்பொருள் வெட்டக் கூடாது.

குறுஞ்செய்தியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதன் அடிப்படை எழுத்துத் தொகுப்பில் ஐந்து ஃபாடா உயிரெழுத்துகளில் ஒன்றுதான் இடம்பெற்றிருக்கிறது. மற்ற நான்கில் எது வந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறிவிடும். உடனே ஒரு செய்தியின் கொள்ளளவு 160 எழுத்திலிருந்து 70 ஆகக் குறைந்துவிடும். தமிழில் குறுஞ்செய்தி அனுப்பியவர்களுக்கு இந்த 70 பழக்கமானது. விளைவாக ஒரு நினைவூட்டல் இரண்டு மூன்று துண்டாகிச் செலவு கூடும். இதற்காக ஃபாடாவை நீக்கிவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் யோசனை சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். வாசகத்தைச் சுருக்குங்கள், கூடுதல் துண்டுகளின் செலவை ஆண்டுக் கணக்கில் முன்பே சேர்த்துவிடுங்கள்.

முகவரியை ஐரிஷில் எழுதி அனுப்புபவர்களும் உண்டு. ஊர்ப் பெயர் பிடிபடாவிட்டால் லோகனிம் என்ற இடப்பெயர்த் தளத்தில் தேடினால் இரு மொழிப் பெயரும் வரும். 2015-இல் வந்த ஏர்கோடு என்ற ஏழு எழுத்து அஞ்சல் குறியீடு எந்த மொழிக்கும் ஒன்றுதான் என்பதால், குறியீடு இருந்தால் குழப்பமே இல்லை.

பலகை, கடிதத் தலைப்பு, பதிவு செய்த குரல்

2008-இல் வந்த விதிகள் இதற்கு இருக்கின்றன. பலகையில் ஐரிஷ் முதலில் வர வேண்டும். எழுத்து ஆங்கிலத்தைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது, மங்கலாகவோ ஓரமாகவோ இருக்கக் கூடாது, சொல்லும் தகவலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லைச் சுருக்காதபோது ஐரிஷ் சொல்லை மட்டும் சுருக்கக் கூடாது. சாலைக் குறிப்பலகைகளுக்கு விதி வேறு. அதைப் போக்குவரத்துத் துறையினர் பார்த்துக்கொள்வார்கள்.

கடிதத் தாளின் தலைப்பு, உறை, கோப்பட்டை எல்லாம் இதே வகை. தொலைபேசியில் ஓடும் பதிவு செய்த குரலும் ஐரிஷிலோ இரு மொழியிலோ இருக்க வேண்டும். குரல் கொடுக்க உங்கள் பகுதிப் பேச்சு உள்ளவரைப் பிடியுங்கள். டொனிகால், கானமாரா, கெர்ரி என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பேச்சு மாறும். எழுத்துக்கு 1958-இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட அரசுத் தரநடை இருக்கிறது. ஆனால் காதில் விழும் குரல் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தால் மக்கள் தயங்காமல் பேசுகிறார்கள்.

பலகை எழுதுபவரிடம் கொடுக்கும் முன் இறுதி வடிவத்தை மொழிபெயர்ப்பாளர் பார்த்தாக வேண்டும். அவர் அனுப்பிய சொல் சரியாக இருந்து, வடிவமைப்பாளர் நகலெடுக்கும்போது ஒரு ஃபாடா விழுந்துபோய், அந்தப் பிழை பல ஆண்டுகள் சுவரில் நிற்பது சாதாரணம்.

எதை இரு மொழியிலும் வெளியிட வேண்டும்

ஆண்டறிக்கை, தணிக்கை செய்த கணக்கு, பொதுமக்கள் கருத்துக்கு வைக்கும் கொள்கை முன்மொழிவுகள் போன்றவற்றை இரு மொழியிலும் ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும். "ஐரிஷ் வடிவம் விரைவில்" என்று ஒரு வரி போட்டு ஆங்கிலத்தை முதலில் ஏற்றுவது இதற்குப் போதாது. நீளமான அறிக்கைகளைச் சுருக்கச் சொல்லி எழுதுபவர்களிடம் இப்போதே கேளுங்கள். 120 பக்கம் 60 பக்கமானால் மொழிபெயர்ப்புச் செலவு பாதியாகும், படிப்பவர்களும் கூடுவார்கள்.

பணம்

சட்டம் கடமையைக் கொடுத்தது, தனிப் பெட்டியில் பணம் கொடுக்கவில்லை. மருத்துவமனையோ கவுன்சிலோ தன் வழக்கமான ஒதுக்கீட்டிலிருந்துதான் இதைச் செய்ய வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். "ஐரிஷுக்கு மானியம் எங்கே கிடைக்கும்?" என்று தேடிக்கொண்டே மாதங்களைக் கழித்துவிடுவார்கள்.

ஐரிஷுக்குப் பொதுப்பணம் தரும் அமைப்புகள் உண்டு, ஆனால் அவற்றின் நோக்கம் வேறு. 1980 முதல் இயங்கும் ஊடராஸ் நா கேல்டக்டா, ஐரிஷ் பேசும் பகுதிகளின் தொழில், வேலைவாய்ப்பு, மொழித் திட்டமிடல் ஆகியவற்றைப் பார்க்கிறது. ஃபோராஸ் நா கெய்ல்கெ 1998 பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கையின் வழியில் 1999-இல் அமைந்தது. தீவு முழுமைக்கும் ஒரே அமைப்பு. செலவில் நான்கில் மூன்று பங்கைத் தெற்கும் ஒரு பங்கை வடக்கும் தருகின்றன. சமூக அமைப்புகள், இதழ்கள், இளைஞர் நிகழ்ச்சிகள் போன்றவற்றுக்கு அது உதவுகிறது. சில உள்ளாட்சிகளில் ஐரிஷ் அலுவலர் பணியிடத்தின் செலவையும் பகிர்ந்திருக்கிறது. கவுன்சிலில் இருந்தால் இதைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஆண்டறிக்கையை மொழிபெயர்க்கவோ படிவத்தைச் சரிசெய்யவோ அங்கே போய் நிற்க முடியாது. அது உங்கள் நிறுவனத்தின் சொந்தச் செலவு, மின்கட்டணம் மாதிரி.

அதனால் "ஐரிஷ்" என்று தனித் தலைப்பில் ஒரு தொகையைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அப்படி ஒதுக்கிய தொகைதான் நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படும். ஒவ்வொரு வேலையின் மதிப்பீட்டுக்குள்ளும் ஐரிஷ் செலவு ஒரு வரியாக இருக்க வேண்டும். கவுன்சில் ஒன்று வீட்டு மானியத்துக்கு இணையவழி விண்ணப்பம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீட்டில் வர வேண்டியவை: திரையில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் பிழைச் செய்திக்கும் மொழிபெயர்ப்பு, ஐரிஷ் வரிகள் நீளமானால் பொத்தான் உடையாமல் இருக்க வடிவமைப்பு நேரம், ஃபாடா சோதனை, ஐரிஷில் வரும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலரின் நேரம், அடுத்த ஆண்டு விதி மாறும்போது இரு வடிவத்தையும் திருத்தும் செலவு. கடைசி இரண்டையும் பெரும்பாலானோர் விட்டுவிடுவார்கள். விண்ணப்பம் ஐரிஷில் அழகாகத் திறக்கும், உள்ளே போனபின் பேச ஆள் இருக்க மாட்டார். ஒப்பந்தப் புள்ளி ஆவணத்திலேயே இரு மொழி என்று எழுதிவிடுங்கள். பின்னால் சேர்க்கச் சொன்னால், வீடு கட்டி முடித்தபின் சுவரை உடைத்துக் குழாய் பதிப்பது போல, வேலையும் கெடும், விலையும் ஏறும்.

விளம்பரத்துக்குச் சட்டமே கணக்குப் போட்டுத் தந்திருக்கிறது. ஆண்டில் வெளியிடும் விளம்பரத்தில் குறைந்தது 20 சதவீதம் ஐரிஷில் இருக்க வேண்டும். விளம்பரச் செலவில் குறைந்தது 5 சதவீதம் ஐரிஷ் ஊடகங்கள் வழியாக ஐரிஷ் விளம்பரம் தரப் போக வேண்டும். உங்கள் நிறுவனம் ஆண்டுக்கு 2,00,000 யூரோவை விளம்பரத்தில் செலவிடுகிறது என்றால், 10,000 யூரோ டிஜி4 தொலைக்காட்சி, துவரிஷ்க் இணையச் செய்தித்தளம் போன்றவற்றுக்குப் போக வேண்டும். எனக்கு இந்தச் சட்டத்திலேயே மிகப் பிடித்த விதி இதுதான். செய்தி ஐரிஷ் வாசகரைப் போய்ச் சேருகிறது. அதே பணம் அந்த மொழியில் செய்தி எழுதுபவரின் சம்பளமாகவும் ஆகிறது. டிசம்பரில் கணக்குப் பார்த்து அவசரமாக விளம்பரம் வாங்காமல் காலாண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விளம்பர நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இரண்டு சதவீதங்களையும் எழுதி, அறிக்கை தரும் பொறுப்பை அவர்களிடமே விடுங்கள்.

நாட்டின் வரவுசெலவுத் திட்டம் அக்டோபரில் வருகிறது. துறைகள் கோடையிலேயே தொகைகளைப் பேசத் தொடங்கிவிடும். உங்கள் பட்டியல் ஜூனுக்குள் தயாராக இருக்க வேண்டும். "கேட்பவர் எத்தனை பேர்?" என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் கட்டாயம் வரும். 2022 கணக்கெடுப்பை எடுத்துப் போங்கள். ஐரிஷ் பேச முடியும் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 18,74,000 பேர், மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் 40 சதவீதம். கல்விக்கூடத்துக்கு வெளியே அன்றாடம் பேசுபவர்கள் 71,968. அவர்களில் 20,261 பேர்தான் கேல்டக்ட் எனப்படும் ஐரிஷ் பேசும் பகுதிகளில் இருக்கிறார்கள். 51,000-க்கும் மேற்பட்டோர் வெளியே, டப்ளின் உட்பட எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "நம் பகுதியில் யாரும் கேட்பதில்லை" என்பவரிடம் இதைக் காட்டுங்கள். கேட்டால் தாமதமாகும், தொல்லையாகப் பார்ப்பார்கள் என்று தெரிந்தவர் கேட்பதில்லை. சேவை நன்றாகக் கிடைக்கிற இடத்தில்தான் தேவை வெளியே தெரியும்.

மொழிபெயர்ப்பாளரும் கருவிகளும்

ஃபோராஸ் நா கெய்ல்கெ தேர்வு வைத்து மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தகுதி முத்திரை தருகிறது. அந்த முத்திரை உள்ளவர்களையே அமர்த்துங்கள். ஐரிஷ் 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழி. மொழிபெயர்ப்பில் அதற்கு இருந்த விலக்கு 2022 தொடக்கத்தோடு நீங்கியது. ஒன்றியத்துக்கும் இப்போது நிறைய மொழிபெயர்ப்பாளர் தேவை, எனவே நல்ல ஆட்கள் எப்போதும் வேலையாகத்தான் இருப்பார்கள். ஆண்டு ஒப்பந்தம் போட்டு, பெரிய ஆவணங்கள் வரும் மாதங்களை முன்பே சொல்லி வைப்பது நல்லது. கலைச்சொல்லுக்கு டேர்மா என்ற தரவுத்தளம் இலவசமாக இருக்கிறது. கணினி மொழிபெயர்ப்பை வந்த கடிதம் எதைப் பற்றியது என்று அறிய மட்டும் பயன்படுத்துங்கள். மனிதர் பார்க்காமல் ஒரு வரிகூட வெளியே போக வேண்டாம்.

ஆள் சேர்ப்பு

அரசுப் பணியில் சேர ஐரிஷ் கட்டாயம் என்ற விதி 1974-இல் நீங்கியது. அதற்குப் பிறகு தேர்ச்சியுள்ளவர்கள் மெல்லக் குறைந்துபோனார்கள். ஓ குவிரான் சொன்ன 28 ஆண்டுக் கணக்கு அதன் விளைவுதான். இப்போதைய இலக்கு, 2030 முடிவுக்குள் பொதுப்பணியில் புதிதாகச் சேருபவர்களில் குறைந்தது 20 சதவீதம் பேர் ஐரிஷ் தேர்ச்சி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது. ஆள் எடுக்கும் தேர்வுக் குழுவில் உங்கள் சொல் எடுபடும் என்றால், பொதுமக்களை நேரில் பார்க்கும் பணியிடங்களில் இதைத் தொடங்கச் சொல்லுங்கள். இருப்பவர்களுக்குப் பயிற்சியும் உண்டு. மேனூத் பல்கலைக்கழகம் நடத்தும் டெக் என்ற ஐரிஷ் மொழித் தேர்வில் தொடக்கநிலையிலிருந்து சி1 என்ற உயர்நிலை வரை படிகள் இருக்கின்றன. வகுப்புக் கட்டணத்தையும் வேலை நேரத்தில் படிக்கும் அனுமதியையும் மதிப்பீட்டில் சேருங்கள்.

மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மறதி நோய் வந்த முதியவர்களில் சிலர், பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, முதல் மொழியிலேயே பேசத் தொடங்குவார்கள். கால்வேயிலோ டொனிகாலிலோ கெர்ரியிலோ உங்கள் வார்டில் ஒரு பாட்டி திடீரென்று நமக்குப் புரியாத மொழியில் பேசினால், குழப்பம் அதிகமாகிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதும் முன் ஐரிஷ் தெரிந்த சக ஊழியரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவர் வலியைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். சேர்க்கைப் படிவத்தில் விருப்ப மொழி என்ற கட்டம் இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேல்டக்டில் வேலை என்றால்

டொனிகால், மேயோ, கால்வே, கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்ட், மீத் ஆகிய ஏழு கவுண்டிகளில் கேல்டக்ட் பகுதிகள் இருக்கின்றன. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவை 26 மொழித் திட்டப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஊர் அமைப்பு ஒன்றின் பொறுப்பில் இருக்கிறது. அங்குள்ள அரசு அலுவலகங்கள் ஐரிஷிலேயே இயங்க வேண்டும் என்பது 2021 திருத்தத்தின் நோக்கம். அங்கே மாற்றல் கிடைத்தால் முதலில் அந்தப் பகுதியின் மொழித் திட்ட அலுவலரைப் போய்ப் பாருங்கள். எந்தச் சேவையை மக்கள் ஐரிஷில் தேடுகிறார்கள், எதில் அலுத்துப்போய் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

புகார் வந்தால்

குடிமகன் முதலில் உங்கள் நிறுவனத்துக்கு எழுதுவார். திருப்தி இல்லையென்றால் மொழி ஆணையரிடம் போவார். ஆணையர் அலுவலகம் பெரும்பாலும் முதலில் பேசித் தீர்க்கவே பார்க்கும். தீராவிட்டால் முறையான விசாரணை, முடிவு, பரிந்துரை. பரிந்துரையைச் செயல்படுத்தாவிட்டால் அறிக்கை நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் போகலாம். புகாருக்கான பதிலையும் ஐரிஷில்தான் எழுத வேண்டும். அந்த ஒரு கடிதத்தை மட்டும் சரிசெய்துவிட்டு நிற்காதீர்கள். எந்தப் பெட்டியில், யார் விடுப்பில் இருந்தபோது தவறியது என்று பார்த்து அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

வடக்கு அயர்லாந்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே 2022-இல் பிரிட்டன் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிச் சட்டம் ஐரிஷுக்கு அதிகாரபூர்வ அங்கீகாரமும் ஐரிஷ் மொழி ஆணையர் பதவியும் தந்திருக்கிறது. நீதிமன்றத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்ற 1737-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கவும் வழி செய்திருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் சொந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முன்மேசையில் இருப்பவருக்கு

ஐரிஷ் பேசத் தயாராக இருக்கும் பலர் சட்டையில் ஃபாய்ன்யா என்ற சிறு வளையம் குத்தியிருப்பார்கள். பொன்நிறம் சரளமாகப் பேசுபவருக்கு, வெள்ளி நிறம் ஓரளவு பேசுபவருக்கு. எதிரே நிற்பவர் அதை அணிந்திருந்தால், ஐரிஷிலும் பேசலாம் என்று நீங்களே முன்வந்து சொல்ல வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். "ஜியா க்விட்" என்றால் வணக்கம். "நோமேட், லெ டொ ஹொல்" என்றால் ஒரு நிமிடம், தயவுசெய்து. "கொ ரெவ் மா அகத்" என்றால் நன்றி. உச்சரிப்பு பிசகினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னதும் பட்டியலில் உள்ள ஐரிஷ் பேசும் ஊழியரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அவருடைய உள் எண்ணும், அவர் இல்லாதபோது எடுப்பவரின் எண்ணும் உங்கள் மேசையில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே கேட்டு வாங்கி ஒட்டிவிடுங்கள்.